ஓட்டை போடாமல் நாலு ஒயர்

அவளை அந்தத் தெருவில் எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் இருக்கும் வேகத்துக்காக வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். உண்மையில் அது வாயின் வேகத்துக்கு வைத்த பெயர். நாற்பத்து மூன்று வயது. பஸ் டிப்போவுக்குப் பின்புறச் சந்தில் ஒற்றை ஷட்டர் வைத்த ஆட்டோ எலக்ட்ரிக் கடை. மனதில் ஒரு சந்தோஷம் வந்தால் அதை நாலு பேரிடம் கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும் என்கிற சுபாவம். அன்று காலை கடை வாசலில் ஒரு வெள்ளைப் பிக்கப் வந்து நின்றதும் அவள் போட்ட கூச்சலில், எதிர்க்கடை பஞ்சர்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

வண்டியை ஓட்டி வந்தது அவளுடைய தங்கை. மலையடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் டிரைவர். அங்கிருந்த பழைய ஆம்புலன்ஸ் வேன் சரளைக்கல் பாதையில் ஏறாது. மேலே ஏழு கிராமம். யாருக்கு முடியாமல் போனாலும் வேன் நிற்கிற இடம்வரை ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். மலையேறுகிற பிக்கப் ஒன்று கொடுங்கள் என்று பதினான்கு மாதம் தலைமை அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் வண்டிக் கம்பெனியின் பிக்கப் ஒன்றைச் சோதனைக்கு வாங்கிவிட்டாள். கூரையில் சுழல்விளக்கு, சைரன், பின்பக்கம் ஒரு பெரிய விளக்கு, உள்ளே வயர்லெஸ். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, மாலை நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்து ஆய்வாளர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி அன்றைக்கே திரும்பிப் போய்விடும்.

"இன்னொண்ணு இருக்குக்கா," தங்கை தயங்கினாள். "பாடியில எங்கயும் ஓட்டை போடக் கூடாதாம். கம்பெனியோட வண்டி. ஒரு துளை விழுந்தாலும் திருப்பி எடுத்துக்குவாங்க. ரெண்டு கடையில கேட்டுப் பாத்துட்டேன். டிரில் போடாம முடியாதுன்னு கையை விரிச்சுட்டாங்க."

"அவங்க கிடக்காங்க! நீ முதல்ல கீழ எறங்குடி."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, காரியம் அவ்வளவு லேசில்லை. பேட்டரி முன்னால் பானெட்டுக்குள் இருக்கிறது. சுவிட்சுகள் உள்ளே, டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும். நடுவில் எஞ்சினை மறைத்து நிற்கிற தகட்டுச் சுவர். அதில் கம்பெனி தன் ஒயர்களுக்கென்று விட்டிருந்த ஓட்டையில் ஊசி நுழையக்கூட இடமில்லை. கதவிடுக்கு வழியாக விட்டால் கதவு ஒயரைக் கடித்துக் குதறிவிடும். மின்னல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தலை டாஷ்போர்டுக்கு அடியிலும் கால் வண்டிக்கு வெளியிலுமாக ஒரு மணிநேரம் கிடந்தாள். அவள் வாய் அத்தனை நேரம் மூடியிருந்ததே தெருவுக்குப் பெரிய அதிசயம்.

கடை வைப்பதற்கு முன் அவள் பதினோரு வருடம் வண்டிகளுக்கு ஒயர்கட்டு செய்கிற தொழிற்சாலையில் இருந்தவள். பெரிய பலகையில் கோடு போட்டு ஆணி அடித்திருக்கும். கோட்டைப் பார்த்து ஒயரைப் படுக்கவைத்து டேப் சுற்ற வேண்டும். ஒரே வண்டிக்கு இரண்டு பலகை உண்டு. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் இன்னொன்று. எதற்கு இந்த இரட்டை வேலை என்று அவளும் கேட்டதில்லை, மேஸ்திரியும் சொன்னதில்லை.

"அடியே!" டாஷ்போர்டில் டங்கென்று தலை இடிக்க எழுந்தாள். "ரெண்டு பலகை! ரெண்டு பலகைடி!"

இடித்ததில் மூளை கலங்கிவிட்டது என்றே தங்கை நினைத்தாள்.

"இந்த வண்டிய சில ஊருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் வச்சு அனுப்பறாங்க, சில ஊருக்கு இடப்பக்கம் வச்சு அனுப்பறாங்க. அதுக்காகத் தகட்டை ரெண்டு தினுசா அடிப்பாங்களா? ஒரே தகடுதான்! இந்தப் பக்கம் இருக்கற ஓட்டை அந்தப் பக்கமும் இருந்தே ஆகணும். மூடி போட்டு மறைச்சிருப்பாங்க!"

பக்கத்து இருக்கையின் கால்வைக்கும் இடத்தில் விரிப்பை உரித்தாள். அதற்கடியில் கனமான பஞ்சுப்பாய். அதையும் உரித்தாள். தகட்டில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி. நெம்பி எடுத்ததும் திறந்திருந்த பானெட் பக்கத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. மின்னலுக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சர்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

"ஓட்டையப் பாக்கவாம்மா கூப்பிட்டே?" என்றார் அவர்.

"சாதாரண ஓட்டையாண்ணே இது!"

அதற்கப்புறம் வேலை பறந்தது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தாள். நாலு ஒயருக்கும் உறை மாட்டி, சூடான குழாய்களுக்கு எட்டாமல் ஒதுக்கிக் கட்டி, உள்ளே இழுத்தாள். முனைகளில் பித்தளை டெர்மினல் அழுத்தி சுவிட்சுகளில் பூட்டினாள். மூன்று மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது. சைரனைத் தட்டியதும் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். குதிக்கும்போது மின்னலின் சட்டைப் பாக்கெட்டில் எதுவோ மெத்தென்று இடித்தது. எடுத்துப் பார்த்தாள்.

ரப்பர் மூடி. நாலு ஒயருக்கு நாலு துளை அளவாகக் குத்தி, பத்திரமாகப் பாக்கெட்டில் வைத்திருந்தாள். முனை மாட்டுவதற்கு முன்னால் ஒயரை அதற்குள் நுழைத்திருக்க வேண்டும். இப்போது டெர்மினல் மாட்டிய எந்த முனையும் அந்தத் துளைக்குள் போகாது. இந்தத் தொழிலில் இந்தத் தப்பைச் செய்யாதவர் யாருமில்லை, ஒப்புக்கொண்டவரும் யாருமில்லை.

"ஒரு கீறு கீறி ஒயர் மேல மாட்டிரு. பசை தடவிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. "மணியப் பாருக்கா!"

"எஞ்சின் சூட்டுல பசை எத்தன நாள் நிக்கும்? அந்தக் கல்லுப் பாதையில வண்டி ஆடற ஆட்டத்துல தகட்டு விளிம்பு ஒயரை அறுத்துரும். ஆளை ஏத்திக்கிட்டு வர்றப்ப எல்லாம் அணைஞ்சா என்னடி பண்ணுவ? ஓட்டப்போறது நீ."

கட்டரை எடுத்து நாலு முனையையும் வெட்டிவிட்டாள். வெட்டிய பிறகுதான் டெர்மினல் டப்பாவைக் கவிழ்த்தாள். விழுந்தது சரியாக நாலு. ஒன்று கோணினாலும் கதை முடிந்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டே ஒயரைப் பின்னால் இழுத்து, மூடிக்குள் கோத்து, மறுபடி உள்ளே விட்டாள். மூன்றாவது முனையை அழுத்தும்போது, நாலு மணிக்கு வரவேண்டிய ஆய்வாளர் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நின்றார். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார்.

"வேலை இன்னும் முடியலையா?"

"முடிஞ்சுது சார்," என்றன கால்கள். "நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன், அதனால திருப்பிப் பிரிச்சுட்டேன். பத்தே நிமிஷம்!"

தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஆய்வாளர் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. காத்திருந்தார். அவள் எழுந்து வந்ததும் டார்ச்சை வாங்கித் தகட்டை அங்குலம் அங்குலமாகத் துழாவினார். புதுத்துளை ஒன்றும் இல்லை. எப்படி என்று கேட்டதுதான் தாமதம், மின்னல் இரண்டு பலகைக் கதையை மூச்சுவிடாமல் இரண்டு தடவை சொன்னாள். அவர் மூடியை இழுத்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்து மூடிக்கு மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். உள்ளே குனிந்து கைக்குட்டையால் ஒற்றினார். ஈரமில்லை.

"வயர்லெஸ்ஸைப் போடும்மா."

தங்கை பொத்தானை அழுத்தினாள். "சோதனை. பிக்கப் பேசுது."

கரகரவென்று ஆஸ்பத்திரிப் பெண்ணின் குரல். "பிக்கப்பா? நெசமா நீதானா? மேல கடைசி கிராமத்துல பிரசவ வலி. தலைப்பிள்ளை. ஆளுங்க தூக்கிக்கிட்டுக் கிளம்பட்டுமான்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?"

எல்லோரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள். கையெழுத்துப் போடவேண்டிய தாள் இன்னும் வெறுமையாக அவர் கையில் இருந்தது. அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"தூக்க வேண்டாம்னு சொல்லும்மா," என்றார். "வண்டி வருதுன்னு சொல்லு. கையெழுத்தை நான் ஆபீஸ் போய்ப் போட்டுக்கறேன்."

தங்கை சாவியைத் தேடினாள். மின்னல் ஜன்னல் வழியாகப் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள். "வண்டி கிளம்பிருச்சு! கிளம்பிருச்சு!" எஞ்சினே அப்போதுதான் உறுமியது.

சைரன் அலற வண்டி சந்துமுனையை நோக்கித் திரும்பியது. மின்னல் வெறுங்காலோடு முன்னால் ஓடி, டிப்போவிலிருந்து வெளியே வந்த பஸ்ஸின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பிக்கப் அவளைத் தாண்டி மலைப்பாதைப் பக்கம் திரும்பியது. பஸ் டிரைவர் எட்டிப்பார்த்துத் திட்ட வாயெடுத்தார்.

"என் தங்கச்சி அது!" கண்ணீர் வழிய அவள் கத்தினாள். "நாலு ஒயர்ணே! ஒரு ஓட்டைகூடப் போடல!"