மானாம்பதியில் மூன்று அடுப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், மூன்று வயல்களின் மண்ணைத் தேடி மானாம்பதிக்குப் போனேன். பினாங்கிலிருந்து வந்து சென்னையில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் ஊருக்குக் கப்பல். அதற்குள் மூன்றடி ஆழத்து மண்ணைச் சோதித்து எழுதிக் கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது. எனக்கென்ன பயம்? அரசாங்க விடுமுறைகளைப் பார்த்து, பண்டிகையே இல்லாத வாரமாகப் பொறுக்கியிருந்தேன்.

காஞ்சிபுரத்தில் காலை ஏழு மணி பஸ். உத்திரமேரூருக்குப் பதினெட்டு மைல், அறுபது காசு. அங்கிருந்து ஜட்கா குதிரை வண்டிக்கு ஒரு ரூபாய் கேட்பார்கள், முக்காலுக்கு வருவார்கள். குலுக்கல் பலமாக இருக்கும், நாஷ்டாவை அளவாகச் சாப்பிடுங்கள்.

குழி வெட்ட ஆரோக்கியம் என்ற கூலியாளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். மனிதர் வெறுங்கையோடு நின்றார்.

“மாரியாத்தாவுக்குக் காப்பு கட்டிட்டாங்க சார். அவுக்கற வரிக்கும் யாரும் மண்ண வெட்ட மாட்டோம்.”

“நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவராச்சே?”

“சாமி வேறதான். ஊரு ஒண்ணுதானே? பெரிய வெள்ளிக்கு இவங்க யாராச்சும் ஏர் பூட்டினாங்களா இன்னா?”

எனக்கு எரிச்சல் வந்தது. காப்பு அவிழ்ப்பதற்குள் கப்பல் போய்விடும். நிலத்துக்காரர் செங்கேணியம்மாளிடம் ஓடினேன்.

“அழாத கொறையா நிக்கிறியே நைனா. ஞாயித்துக்கெழம கூழு ஊத்தறோம். அடுப்புக்குக் குழி வெட்டலாம், அது ஆத்தா வேல. உனுக்கு எங்க ஓணும்?”

“மூணு வயல்ல வேணும்மா.”

“அப்ப மூணு அடுப்பு.”

அடுப்புக்கு ஒரு சாண் ஆழம் போதும். ஞாயிறன்று ஆரோக்கியம் இடுப்பளவு இறங்கியும் நிறுத்தவில்லை. செங்கேணியம்மாள் வரப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னாபா இது, அடுப்பா கெணறா?”

“அண்டா பெருசும்மா.”

“வெட்டு, வெட்டு.”

நான் பைகளை நிரப்பிக்கொண்டதும், ஒரு சாண் விட்டு மிச்சத்தை மூடி அடுப்பு மூட்டினார்கள். ஊரே சொம்பும் கையுமாக வயல் வயலாக நடந்து என்னைத் திட்டியது. மூன்று வயலிலும் நான் கூழ் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆய்வுக்குப் போகிறவர்கள் காலண்டரை நம்பாதீர்கள். காப்பு எப்போது என்று ஊரில் கேளுங்கள். பெரிய வெள்ளியையும் கேளுங்கள். சொம்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

மண் எடுத்த முறை என்ற இடத்தில் ‘கூழ் அடுப்புக் குழி’ என்று எழுதினேன். பேராசிரியர் அடித்துவிட்டார். அதையே மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினேன்.