தறியில் பாதிச் சேலை

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் பட்டு நெய்யும் ஜெயப்ரியாவின் கல்லூரித் தோழிகள் இருவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார்கள். ஒரு சனி, ஞாயிறு மூவரும் பிராக் நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அவளை அழைத்தார்கள். விமான டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு.

விசாவுக்கு, ஊர் திரும்புவாள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். சம்பளச் சீட்டு இல்லை, நிலமும் இல்லை. தறியில் பாதி நெய்த சேலையைப் படமெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தாள். தறியில் ஏற்றிய பாவு நூலைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியவர் ஆரணிப் பக்கம் யாருமில்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

விசா கிடைக்கவில்லை. திரும்பி வருவாள் என்று நம்ப முடியவில்லையாம். வேலூரில்கூட ஓர் இரவு தங்காதவளை.

அந்தச் சனிக்கிழமை தோழிகளில் ஒருத்தியான எழிலரசி பிராக்கிலிருந்து வீடியோவில் அழைத்து, ஆற்றின் மேலிருந்த பழைய கல்பாலத்தைக் காட்டினாள். பக்கத்தில் மற்றவள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணுடி."

"எதைக் காட்டி பண்றது? அப்பவும் இங்கதான் உக்காந்துகினு இருப்பேன்."

போனை வைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தாள். படத்திலிருந்த சேலை போன மாதமே முடிந்து கடைக்குப் போய்விட்டது. இப்போது தறியில் பாதியில் நின்றது வேறொரு சேலை.