தம்பி கொண்டுவந்த கடல் தண்ணீர்

என் கணவர் வீட்டுக்குள் கடல் வளர்த்தார். வில்லியனூரில், எங்கள் ஹாலில், டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில், இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் அது இருந்தது. கொஞ்சம் பாறை, பூ மாதிரி விரிந்து மூடுகிற ஐந்தாறு பொத்தான் பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன், மேலே நீல விளக்கு. அந்த ஜோடியில் பெரியது பெண், சின்னது ஆண். சின்னது எப்போதும் பெரியதின் பின்னாலேயே சுற்றும். எங்கள் வீட்டில் பெண்சாதி பேச்சைக் கேட்ட ஒரே ஆண் அதுதான்.

நான் நல்லவாட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் கடல். அதற்கு விளக்குப் போட்டு, நாற்காலி இழுத்து உட்கார்ந்து பார்த்த ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

எங்களுடையது பஸ்ஸில் பழகிய காதல். அப்போதெல்லாம் என் துப்பட்டாவில் கடல் வாசம் வருகிறது என்று சொல்லிச் சொல்லியே பக்கத்தில் வந்து நிற்பார். கல்யாணமான மறுமாதமே அது மீன் நாற்றம் ஆகிவிட்டது. துப்பட்டா அதேதான், சோப்பும் அதேதான். என் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே குப்பை வண்டியில் போட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிர மீன் குழம்பு இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். குழம்பில் இருந்தால் மணம், ஆள் மேல் இருந்தால் நாற்றம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் கொடுத்தவன் என் தம்பி. ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவன். கரையோரத்துத் தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்பதால், போட் வெகுதூரம் போன பிறகு இரண்டு கேன் மொண்டு வருவான். புதன்கிழமை காலையில் மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டு, தவளக்குப்பம் நெரிசலைத் தாண்டி வந்து சேர்வான். அதை ஒரு டிரம்மில் ஊற்றி, காற்றுக் குழாய் விட்டு வைப்போம். ஞாயிறன்று கணவர் தொட்டியில் பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு இதை ஊற்றுவார்.

கணவர் மருந்துக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் மீனுக்குத் தீனியையே எண்ணிப் போடுகிறவர். தம்பி கொண்டுவந்த முதல் கேனையும் சோதித்தார். குட்டிக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினால், சுத்தமான தண்ணீர் மஞ்சளாக நிற்கும், அழுக்குத் தண்ணீர் பச்சையாகும். அது மஞ்சளாக நின்றது. அதற்குப் பிறகு தொட்டியைச் சோதித்தார், வீட்டுக் குழாயைச் சோதித்தார், என் கையைக்கூடச் சந்தேகப்பட்டார். கேனை மட்டும் மறுபடி சோதிக்கவில்லை. கடலில் என்ன குறை இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார்.

மூன்று வருடம் இப்படிப் போனது. மூன்று வருடத்தில் என் தம்பி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததே இல்லை. கேன்களை வாசலில் இறக்குவான், நின்றபடியே இரண்டு வார்த்தை பேசுவான், கிளம்பிவிடுவான். யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். கணவர் முகம் எப்படிப் போகும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் தம்பி என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து என் கையால் ஒரு டீ குடிக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை கணவருக்கு லீவு. அது தெரியாமல் தம்பி கேன்களை ஹாலுக்கே தூக்கி வந்துவிட்டான். தான் தண்ணீர் சுமக்கிற மீனை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் குளித்துவிட்டு வந்தார். அவனிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"கேனக் கேட்டாண்டயே வச்சிட்டுப் போவச் சொல்லு. லுங்கி இன்னா நாத்தம் நாறுது பாரு."

தம்பி மூன்றடி தூரத்தில் நின்றிருந்தான். கேன்களைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் கேட்டருகே வைத்தான். ஒன்றின் அடியில் மணல் ஒட்டியிருந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டு வைத்தான். கணவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவன் அந்த மணலைத் துடைத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த புதன் கேட்டருகே கேன்கள் இருந்தன, தம்பி இல்லை. மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நடுக்கடல் தண்ணீருக்கு வாடையே கிடையாது. இதில் போட்டிலிருந்து மீன் இறக்குகிற இடத்து வாடை இருந்தது. ஐஸ் கரைந்த தண்ணீரும் மீன் குடலும் ரத்தமும் ஓடிவந்து கலக்கிற இடம் அது. அங்கே பிறந்த மூக்குக்குச் சொட்டு மருந்து தேவையில்லை. தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

"கேட்டாண்ட வக்கிற தண்ணிதானக்கா," என்றான். "இதுக்கு இன்னாத்துக்கு நடுக்கடலுக்குப் போவணும்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஃபோனை வைத்துவிட்டுக் கேன்களைத் தூக்கிவந்து டிரம்மில் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாடை போய்விடும். ஊற்றும்போது சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதலில் பாறை மேல் பழுப்புத் தூள் படிந்தது. அடுத்த மாதம் பச்சைப் பாசி கிளம்பியது. நூல் நூலாக, நீளமாக, சீவாத தலைமுடி மாதிரி. கணவர் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேய்த்த இடத்தில் நான்கு நாளில் மறுபடி முளைத்தது. விளக்கு எரிகிற நேரத்தைப் பாதியாகக் குறைத்தார். பாசி தின்னும் என்று சொல்லி நத்தைகள் வாங்கி விட்டார். அவை ராப்பகலாகத் தின்றன. என் தம்பி ஊட்டுகிற வேகத்துக்கு அவற்றால் ஈடு கொடுக்க முடியவில்லை.

தீனி அதிகமானால் பாசி வரும் என்று எங்கோ படித்துவிட்டு, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். நான்தான். அவர் வேலைக்குப் போனதும் நான் திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறேனாம். தீனி டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினார். தொட்டிப் பக்கம் போவதானால் முழங்கை வரை கழுவிக்கொண்டு போகச் சொன்னார். என் ஆட்கள் கை பட்டது எதுவும் உருப்படாது என்றார். ஞாயிறுதோறும் பாறைகளை வெளியே எடுத்து பக்கெட்டில் வைத்து என்னைத் தேய்க்க வைத்தார். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, அங்கே விட்டுவிட்டாய், இங்கே விட்டுவிட்டாய் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் ஊற்றி வளர்த்த பாசி, நானே தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அடுத்த புதன்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு இருட்டு வைத்தியம் வந்தது. மூன்று நாள் வெளிச்சமே படாமல் மூடி வைத்தால் பாசி செத்துவிடுமாம். பிளவுஸ் தைக்க நான் வைத்திருந்த கறுப்பு லைனிங் துணியைக் கேட்டார், கொடுத்தேன். எழவு வீடு மாதிரி மூன்று நாள் அந்த மூலை மூடிக் கிடந்தது. நான்காம் நாள் துணியை எடுத்தால் பாசி நிஜமாகவே வெளுத்து உதிர்ந்திருந்தது. கணவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தும் சிரித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. சிரித்துக்கொண்டே போய் டிரம்மைத் திறந்து தண்ணீர் மாற்றினார்.

பத்தே நாள். பாசி முன்னைவிடத் தடித்து வந்தது, கூடவே சிவப்பாகச் சளி மாதிரி ஒன்றும் வந்தது. பவளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மீன்கள் மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த இரண்டும் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஆனால் மீனுக்காக அழுகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. தொட்டி முன்னால் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய் வெங்காயம் நறுக்கினேன்.

கடைசியில் மீன் கடைக்காரர்தான் கேட்டாராம், ஊற்றுகிற தண்ணீரைச் சோதித்தீர்களா என்று. கணவர் வந்ததும் வராததுமாக டிரம்மிலிருந்து எடுத்துக் குலுக்கினார். குழாயில் கரும்பச்சை. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பியை வீட்டுக்குக் கூப்பிடச் சொன்னார். ஒரு டீ கொடுத்து உட்கார வைத்தால் ஒழுங்காகக் கொண்டுவந்துவிட்டுப் போகிறான் என்றார். அது தண்ணீருக்கான விலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் குளிர்ந்தது. வெட்கங்கெட்ட மனம்.

தம்பி பேண்ட் போட்டுக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். கழுத்து நிறையப் பவுடர். வண்டியை விட்டு இறங்கி, தன் கையைத் தானே மோந்து பார்த்துவிட்டு உள்ளே வந்ததை ஜன்னலில் பார்த்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கல்யாணத்துக்குப் பரிசாக வந்த நீலப்பூப் போட்ட கப்பில் டீ கொடுத்தேன். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டான். கணவர் அவனிடம் கடலில் ஆழம் எவ்வளவு, ஓட்டம் எப்படி என்றெல்லாம் விசாரித்தார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, இனிமே தூரக்கடலுக்குப் போயி நானே மொண்டாரேன். பளிங்கு மாரி இருக்கும்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அவன் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் கணவர் எழுந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டார். அந்தக் கப்பை இரண்டு விரலால் எடுத்தார். "இதுல இனிமே டீ ஊத்தாத," என்றார். தொட்டிப் பக்கம் போய், கண்ணாடியில் சுரண்டிய பாசியை அதில் வழித்துப் போட்டார். அன்றிலிருந்து அது பாசிக் கப். தொட்டி ஓரத்தில், பிரஷ்ஷோடு, என் கண் படுகிற இடத்திலேயே இருந்தது.

புதன்கிழமை தம்பியே நேரில் வந்தான். கேன்களைக் கேட்டருகேதான் வைத்தான், பழக்கம். தூக்கம் இல்லாத கண், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. அவன் போனதும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. எங்கள் ஊர்க் கடலின் நல்ல தண்ணீர். அதை டிரம்மில் ஊற்றினேன். பிறகு மார்க்கெட்டுக்குப் போய் அரைக்கிலோ கவளை மீன் வாங்கிவந்து, ஆய்ந்து, சட்டியில் அலசினேன். அலசின தண்ணீரைத் துணியில் வடிகட்டி, இரண்டு சொம்பு, டிரம்மில் விட்டேன். தம்பி நினைப்பு எனக்கு வரவே இல்லை. அந்தக் கப்புதான் கண் முன்னால் நின்றது.

ஞாயிறன்று கணவர் சோதித்தார். பச்சை. தம்பிக்கு ஃபோன் போட்டு உடனே வரச் சொன்னார். அவன் வேலையை விட்டுவிட்டு அதே லுங்கியோடு ஓடி வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்து, குழாயை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். உட்கார வைத்து டீ கொடுத்தும் புத்தி போகவில்லையே என்றார். அது நடுக்கடல் தண்ணீர் என்று தம்பி தன் பெண்பிள்ளை மேல் சத்தியம் செய்தான். கணவர் சிரித்தார். தம்பி என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, தொறந்தப்போ மோந்து பாத்திருப்பியே. நீ சொல்லுக்கா."

சொல்லியிருந்தால் சட்டியையும் மீனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னாடா தெரியும்," என்றேன்.

என் மூக்கு அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் கண்ணைக் கட்டிவிட்டு மீனைக் காட்டினால் பெயர் சொல்வேன், அவன்தான் கட்டிவிடுவான். அவன் காலிக் கேன்களை எடுத்து வண்டியில் கட்டினான். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

கணவர் இப்போது உப்புப் பாக்கெட் வாங்கி, வடிகட்டிய தண்ணீரில் தானே கரைக்கிறார். இரண்டே மாதத்தில் பாசி ஒழிந்தது. பவளங்கள் விரிந்துவிட்டன. மீன்கள் பாறையில் முட்டை வைத்திருக்கின்றன, சின்னது காவல் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் பாசியை ஒழித்த கதையைச் சொல்கிறார். கதையில் என் தம்பி வருகிறான்.

தை மாதம் தம்பி பெண்ணுக்குக் காதுகுத்து நடந்தது. அத்தை நான். எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஃபோன் போட்டால் மணி அடித்து ஓய்கிறது.

போன வாரம் கணவர் அந்தக் கப்பைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். இனி பாசி இல்லை, கழுவி எடுத்து வை என்றார். சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். பாசி வாடை போகவே இல்லை என்று எழுத ஆசைதான். பொய். சோப்பு வாசனைதான் வருகிறது. இப்போது நான் அதில்தான் டீ குடிக்கிறேன்.