ஒரு வருடப் படிப்புக்காக நான் போட்ட மன்றாட்டு

அன்பான சகோதர சகோதரிகளே, கடலூரில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் நின்று நின்றே எனக்கு முப்பது வயதானது. அப்பா பக்கவாதம் வந்து சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டியது நான்தான். நர்ஸ் ஆக வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்தார். ஆசை போகவில்லை.

ஆனால் நான் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். "அதுக்கெல்லாம் சயின்ஸ் வேணும்" என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். எத்தனையோ நாள் அழுதேன். கடைசியில் சிதம்பரத்தில் ஒரு பயிற்சி மையம் கண்ணில் பட்டது. ஒரே வருடம், எந்த குரூப்பும் சரி, முடித்தால் நர்ஸ் வேலை என்றார்கள். அவர்கள் பேச்சில் தேன் ஒழுகியது! கடை வேலையை விட்டேன்.

எங்கள் பங்குக் கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் நவநாள் ஜெபம் நடக்கும். மன்றாட்டை எழுதிப் பெட்டியில் போட்டால் பூசையில் வாசிப்பார்கள். பெயர் போடாமல் எழுதினேன்: "சிதம்பரத்தில் ஒரு வருட நர்சிங் படிப்பில் நான் நல்லபடி சேர அருள்புரியும்." வாசித்ததும் கோயிலே சேர்ந்து, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை பேர் கேட்டால் ஆண்டவர் மறுப்பாரா?

வெளியே வந்தால், சிதம்பரத்தில் ஸ்டாஃப் நர்சாக இருக்கும் ஜெசிந்தா அக்கா வாசலை மறித்து நிற்கிறார். "ஒரு வருஷ நர்சிங்னு எழுதிப் போட்டது யாரும்மா?" என்று போகிற வருகிற பெண்களையெல்லாம் பிடித்துக் கேட்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கியது. முக்காட்டை இழுத்துக்கொண்டு நழுவினேன். பைக்கோடு நின்ற என் வீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாதா? "நம்ம வூட்டுலதாங்க்கா" என்று உடைத்துவிட்டார்.

அக்கா என் கையைப் பிடித்தார். "சேந்துட்டியா?"

"நாளைக்குப் போறேங்க்கா."

"போவாத. அத முடிச்சா நர்சிங் கவுன்சில்ல உன்ன நர்சுன்னு பதிவு பண்ண மாட்டாங்க. காலத்துக்கும் எடுபிடிதான். நாலு வருஷ பி.எஸ்சி.க்குதான் சயின்ஸ் வேணும். மூணு வருஷ டிப்ளமோவுல எந்த குரூப்பையும் சேத்துக்குவாங்க. அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பாத்துட்டுச் சேரு."

சுரீரென்று கோபம் வந்தது எனக்கு. இந்தம்மா யார் குறுக்கே விழ? வீட்டுக்கு வந்து சிலுவைக்கு முன்னால் நின்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன். "நான் கேட்டது காதுல விழலையா சாமி?"

வீட்டுக்காரர் சிரித்தார். "விழுந்துதாண்டி அந்த அக்காவ அனுப்பியிருக்காரு."

அங்கேயே முழங்கால் போட்டேன். டிப்ளமோவில் சேர்ந்தேன்.

தினமும் சிதம்பரத்துக்குப் பஸ். கூடப் படித்த பிள்ளைகள் என்னை "ஆன்ட்டி" என்றார்கள். இங்கிலீஷில் இருந்த உடற்கூறு பாடம் மிரட்டியது, முதல் பரீட்சையில் ஃபெயில். விடுவேனா? ஜெபமாலையும் புத்தகமுமாகப் பஸ்ஸிலேயே படித்துத் தேறினேன். பதிவும் ஆஸ்பத்திரி வேலையும் கிடைத்தன.

போன மாதம் வார்டில் ஒரு அம்மா, நான் ஊசியை எடுத்ததும் பயந்துபோய், "நீ நெசமாவே நர்சா, இல்ல சும்மா கூடமாட இருக்குற பொண்ணா?" என்று கேட்டார்.

"நெசமாவே நர்சுதாம்மா" என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

ஆண்டவருக்குக் கோடி நன்றி. நீங்களும் தைரியமாகக் கேளுங்கள். கேட்டதைத் தராவிட்டால் பயப்படாதீர்கள், அதைவிடப் பெரியதை எடுத்துக்கொண்டு யாரோ வாசலில் நிற்கிறார்கள்.