நாலாவது கியரில் பழகிய கால்

போன வருஷம் ஆடி மாதம், சிதம்பரத்தில் என் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது இது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. குமராட்சிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, நேராக மாமா கடையில் வந்து நின்றேன். கிரீஸ் கையோடு நிற்கவா படித்தாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆமாம், இதற்குத்தான் படித்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஆனால் மாமா எனக்குக் கொடுத்தது ஆயில் மாற்றுகிற வேலையும் பிரேக் வேலையும்தான். இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் என்னை விடமாட்டார்.

அப்போதுதான் கடலூரிலிருந்து ஒருவர் பழைய பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் வியாபாரம். மைதானத்தில் வளைந்து வளைந்து ஓட்டுகிற கார்ப் போட்டிகளில் அவருக்குப் பைத்தியம். எங்கிருந்தோ எடை குறைந்த பிளைவீல் ஒன்றை வரவழைத்திருந்தார். உள்ளூரில் எல்லோரும் அதைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். கடைக்குள் வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "பாப்பா, மெக்கானிக் வந்தா கூப்புடு" என்றார்.

பிளைவீல் என்பது இன்ஜினின் பின்னால் சுற்றுகிற கனமான இரும்புச் சக்கரம். கிளட்ச் அதன் மேல்தான் போய் ஒட்டும். கனமாக இருப்பதால் ஒரு தடவை சுற்ற ஆரம்பித்தால் லேசில் நிற்காது. அதன் எடையைக் குறைத்தால் மிதித்தவுடன் இன்ஜின் வேகம் ஏறும், விட்டவுடன் இறங்கும். போட்டிக்கு அதுதான் வேண்டும். கல்லூரியில் என் கடைசி வருஷ ப்ராஜெக்டே இதுதான் என்று மாமாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். "இது சரியா வந்தா இனிமே பெட்ரோல் வண்டி இன்ஜின் வேல எல்லாம் உனக்கு. வரலன்னா பேசாம ஆயில் மாத்திகிட்டு இரு" என்றார். வந்தவரிடம், "என் அக்கா பொண்ணுதான் செய்யும். நானும் கூடவே இருப்பேன்" என்று ஒரு உத்தரவாதமும் சேர்த்துக்கொண்டார்.

கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சைக் கழற்றி, பழைய சக்கரத்தை வெளியே எடுத்தேன். வித்தியாசம் பார்க்க இரண்டையும் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன். புதுசு ஏறக்குறையப் பாதி எடைதான். கடைக்காரர் ரெண்டையும் சேர்த்தே போட்டுட்டுப் போம்மா என்றார். புது போல்ட் போட்டு, சொல்லியிருக்கிற அளவுக்கு அளந்து முறுக்கினேன். கிளட்ச் தட்டை நடுவில் சரியாக உட்காரவைத்தேன். வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்தேன். மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாவியைக் கொடுக்கும்போதே, இனிமேல் கிளம்பும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டே கிளட்ச்சை விடுங்கள் என்று சொன்னேன். முப்பது வருஷமாக ஓட்டுகிறேன் பாப்பா என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

தெருமுனை வரைக்கும் போகவில்லை. வண்டி குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. எதிரே பூக்கடை அக்கா, "தள்ளணுமா சார்?" என்று கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி வந்து, பழசையே மாட்டிக் கொடுங்கள் என்றார். மாமா என்னைப் பார்க்காமலே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார்.

ஆனால் நான் வண்டியைப் பார்க்கவில்லை, அவர் கிளம்பும்போது காலைப் பார்த்திருந்தேன்; அது ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. எங்கள் பக்கம் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர்கள் முதல் நாளே சொல்வது, ஆக்சிலரேட்டரைத் தொடாதே, கிளட்ச்சை மெதுவாக விடு, வண்டி தானாக நகரும் என்பதுதான். நகர்ந்த பிறகு மைலேஜுக்காக நாலாவது கியரிலேயே ஊரைச் சுற்றிவருவதில் எல்லோருக்கும் ஒரு பெருமை. இத்தனை நாளும் அவர்களைத் தாங்கியது அந்தக் கனமான சக்கரம்தான். அதை எடுத்துவிட்டோம், கால் மட்டும் பழைய கால்.

"சார், கடலூர் வரைக்கும் நான் ஓட்றேன், பக்கத்துல உக்காருங்க. ஒரே ஒரு தடவ ஆஃப் ஆனாலும் இன்னைக்கே பழச மாட்டித் தர்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

அவர் முன்னால், மாமா பின்னால், பழைய பிளைவீல் டிக்கியில். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் சுலபமாகக் கடந்தது. கடலூருக்குள் நுழைகிற ஒரு மேம்பால ஏற்றத்தில் சிக்கிக்கொண்டோம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் நின்றுவிட்டது. பின்னால் ஒரு தனியார் பஸ் பம்பரை உரசுகிற மாதிரி வந்து நின்று ஹாரனை அழுத்தியது. ஆஃப் ஆனால் என் வேலை மட்டும் போகாது, வண்டியும் பின்னால் உருண்டு பஸ்ஸில் போய் இடிக்கும். பக்கத்தில் இருந்தவர் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். மாமா இருமினார்.

டிராக்டர் நகர்ந்தது. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டேன். இன்ஜின் சட்டென்று ஏறியது. கிளட்ச் பிடிக்கிற இடம் காலுக்குத் தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விட்டேன். ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் வண்டி ஏறியது. பாலத்தின் உச்சி தாண்டி, வழி கிடைத்ததும் இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்தேன். பஸ் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனது.

கொஞ்ச தூரம் போனதும் கடலூர்க்காரர், "ஓரமா நிறுத்தும்மா. எனக்கு இதக் கத்துக்குடு" என்றார். காலி மனை ஒன்றில் அவரை ஓட்டவிட்டேன். இரண்டு தடவை ஆஃப் செய்தார், தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார். டிக்கியிலிருந்த பழைய பிளைவீலையும் எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அதோடு பஸ்ஸில் திரும்பும்போது மாமா ஜன்னலைப் பார்த்தபடி, "அந்த ஏத்தத்துல நானா இருந்தா ஆஃப் பண்ணியிருப்பேன்" என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் எனக்கு எழுந்து நின்று பஸ் முழுக்கச் சொல்லவேண்டும் போலிருந்தது.

அடுத்த போட்டியில் அந்தக் கார் அதன் பிரிவில் முதலாவதாக வந்தது. அதற்கப்புறம் ஒருநாள் நெய்வேலிப் பக்கமிருந்து யாரோ கடைக்குப் போன் செய்து, பிளைவீல் வேலை செய்கிற மெக்கானிக் இருக்கிறாரா என்று கேட்டார்கள். நான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். "இருங்க, மெக்கானிக்கிட்டயே குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு மாமா குனிந்து போனை என்னிடம் நீட்டினார். அக்கா பொண்ணு என்றும் சொல்லவில்லை, நானும் கூட இருப்பேன் என்றும் சொல்லவில்லை.

பழைய பிளைவீலைக் கடலூர்க்காரர் பிறகும் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. கடைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன். காலையில் அதை நகர்த்தும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: எனக்கு முன்னால் வீட்டில் யாரும் படித்ததில்லை, இந்தக் கனத்தைப் போலப் பின்னாலிருந்து தாங்குகிற வேகம் எனக்கு இருந்ததில்லை, அதனால் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் நானே கொஞ்சம் மிதித்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் மிதித்துவிட்டால் ஏறுகிற வேகமும் என்னுடையதுதான்.