கோணலாகச் செய்து தரப்படும்

ஒரு பொருளை அழகாகச் செய்து தர ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அசிங்கமாகச் செய்து தர ஆள் வேண்டுமென்றால் தெர்மாகோல் அக்காவிடம்தான் வரவேண்டும். நடுநிலைப் பள்ளியின் வாசலுக்கு நேர் எதிரே அவளுடைய எழுதுபொருள் கடை. முன்பக்கம் பேனா, பென்சில், வண்ண அட்டை வியாபாரம். பின்பக்கம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு மேஜை, இரண்டு கத்தரி, பசை வாளி. உண்மையான பிழைப்பு அந்தத் திரைக்குப் பின்னால்தான் நடந்தது.

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாவதுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பள்ளியிலிருந்து கோடை விடுமுறை வேலை என்று ஒன்று கொடுப்பார்கள். கொஞ்சம் கணக்கு, ஒரு கதைப்புத்தகம் படித்து அதைப்பற்றி எழுதுவது, அப்புறம் சொந்தக் கையால் ஒரு அறிவியல் மாதிரி. கணக்கைப் பெற்றவர்கள் எப்படியோ அதட்டி உருட்டி முடிக்க வைத்துவிடுவார்கள். மாதிரி என்றதும் அப்பாக்களுக்கு ஆபீஸ் வேலை ஞாபகம் வந்துவிடும், அம்மாக்களுக்குத் தலைவலி வந்துவிடும். பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது கூட்டமாகக் கடைக்கு ஓடிவருவார்கள். "அக்கா, நீங்கதான் காப்பாத்தணும்!"

காப்பாற்றுவாள். ஆனால் சும்மா செய்துவிட மாட்டாள். கடை வைத்த புதிதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காற்றாலை செய்து கொடுத்தாள். அச்சு வார்த்த மாதிரி அவ்வளவு நேர்த்தி. டீச்சர் ஒரே பார்வையில், "யார் செஞ்சு குடுத்தது?" என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவளுக்குப் புத்தி வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்குச் செய்தாலும் முதலில் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து அட்டையில் ஒரு வட்டம் வெட்டச் சொல்வாள். கத்தரி எங்கே தடுமாறுகிறது, பசையை எவ்வளவு அப்புகிறது, எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்கொட்டாமல் பார்ப்பாள். பிறகு அச்சு அசலாக அந்தப் பிள்ளையின் கோணலிலேயே முழு மாதிரியையும் செய்து முடிப்பாள். எரிமலை ஒரு பக்கம் சரியும். சூரியனைவிடப் பூமி பெரிதாக இருக்கும். டீச்சர்கள், "பரவால்லையே, தானே செஞ்சிருக்கான்" என்று தட்டிக்கொடுப்பார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். இதில் என்ன வெட்கம்? திறமை என்றால் திறமைதான்.

"ஊரை ஏமாத்துறதுல உனக்கு ஈடு யாரும் இல்ல" என்பான் அவள் புருஷன். வேன் ஓட்டுகிறவன்.

"நான் யாரை ஏமாத்துறேன்? கேக்குறாங்க, குடுக்குறேன். நீ சிவப்பு விளக்குல நிக்காம போறியே, அது மட்டும் என்னவாம்?" என்பாள் அவள்.

அந்த வருஷம் அவர்களுடைய ஒரே மகள் ஆறாவதுக்குப் போகவேண்டியவள். விடுமுறை வேலைக்கான தாளை வாங்கிக்கொண்டு வந்த அன்றே வாசலில் நின்று சொல்லிவிட்டாள்.

"அம்மா, என்னுது நான்தான் செய்வேன். நீ கிட்ட வரக்கூடாது."

"ஏன்டி, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் செய்யறேன், பெத்த பொண்ணுக்குச் செய்ய மாட்டேனா?"

"அதான் வேணாங்கறேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. புருஷனோ விழுந்து விழுந்து சிரித்தான். "ஒன்ன மாதிரியே பிடிவாதம். அனுபவி" என்றான்.

மகள் செய்யப்போனது தண்ணீர் விநியோகம். மேலே ஒரு தொட்டி, அதிலிருந்து உறிஞ்சு குழல்களை இணைத்துக் குழாய்கள், வரிசையாக அட்டை வீடுகள். வீட்டுக்கு வீடு ஒரு குட்டிக் குழாய். தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் எல்லா வீட்டுக்கும் வரவேண்டும். அக்காவின் மாதிரிகள் எதுவும் வேலை செய்யாது, பார்க்க இருந்தால் போதும். இவளுடையது வேலை செய்தாக வேண்டுமாம். முதல் வீட்டில் தண்ணீர் கொட்டியது. இரண்டாவதில் சொட்டியது. கடைசி வீட்டில் மூச்சுக்கூட இல்லை. மகள் குழலைப் பிடுங்குவாள், மெழுகு உருக்கி ஒட்டுவாள், தொட்டிக்கு அடியில் செங்கல்லை வைப்பாள், எடுப்பாள். கூடம் முழுக்க ஈரம். ஒருநாள் புருஷன் வழுக்கி விழுந்தான், அப்போதும் அக்கா வாய் திறக்கவில்லை.

கை துறுதுறுக்காமல் இருந்ததா? துறுதுறுத்தது. மகள் கணக்கு டியூஷனுக்குப் போயிருந்த ஒரு மதியம் கத்தரியோடு அந்த மேஜைவரைக்கும் போனாள். கடைசி வீட்டுக் கூரை கொஞ்சம் தூக்கியிருந்தது. ஒரே ஒரு வெட்டு, யாருக்குத் தெரியப்போகிறது? நின்றாள். "சீ, கண்றாவி, என் பொண்ணுகிட்டயே திருட்டு வேலையா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டாள்.

விடுமுறை முடிகிற சமயம். மகள் தொட்டியைச் செங்கல்லின்மேல் இன்னும் உயர்த்தி, முதல் வீட்டுக் குழலின் வாயைச் சுருக்கிவிட்டு ஊற்றினாள். கடைசி வீட்டுக் குழாயிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு நூல் மாதிரி ஒழுகியது. "வந்திருச்சு! வந்திருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் கழற்றி, கூரை, சுவர் எல்லாம் புது அட்டையில் திரும்ப வெட்டி நேர்த்தியாக ஒட்டினாள். அம்மாவை அத்தனை வருஷம் பார்த்து வளர்ந்த கை அல்லவா. ஒரு பிசிறு இல்லை. அக்கா தூர நின்று பார்த்து மனசுக்குள் பூரித்துப்போனாள்.

பள்ளி திறந்த அன்று மாதிரிகளைக் கூடத்து பெஞ்சுகளில் பரப்பி வைத்திருந்தார்கள். பெற்றவர்களும் வரலாம் என்று சொல்லியிருந்ததால் கூடம் நிறைந்திருந்தது. நன்றாகச் செய்தவர்களை அறிவியல் குழுவில் சேர்ப்பார்கள். குழுவில் சேர்ந்தால் வருஷம் முழுவதும் ஆய்வகத்துக்குப் போகலாம். மகளுக்கு அந்த ஆய்வகத்தின்மேல்தான் கண். அறிவியல் டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மருந்துக்கடைக்காரர் மகனுடைய எரிமலையைப் பார்த்துச் சிரித்தார். "கொஞ்சம் சாஞ்சிருக்கு. ஆனா நீயே செஞ்சிருக்க, அதான் முக்கியம்" என்றார். மருந்துக்கடைக்காரர் பெருமையாகத் தலையாட்டினார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அந்தச் சரிவுக்காகவே அவள் ஒரு சாயங்காலம் முழுக்க மெனக்கெட்டிருந்தாள்.

அடுத்தது மகள். டீச்சர் குனிந்து பார்த்தார். கூரையின் ஓரத்தை விரலால் தடவினார். நிமிர்ந்தார்.

"உங்கம்மா எதிர்க்கடைதானே?"

"ஆமா டீச்சர்."

"இது நீ செஞ்சது இல்லம்மா. எடுத்துட்டுப் போய் உன் கையால ஒண்ணு செஞ்சு கொண்டு வா. குழுவுக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்." பேச்சில் கோபமில்லை. அவர் மாதிரியைத் தூக்கி பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டு நகரப்போனார்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். கூடம் முழுக்க அவள் கையால் செய்த கோணல்கள் ஜம்மென்று உட்கார்ந்திருக்க, அவள் பெற்றவள் செய்த ஒரே ஒரு உண்மை பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது! இதற்கு யார் காரணம்? கண்ணாடி தேடிப்போக வேண்டியதே இல்லை.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க" என்றாள். வழக்கமான கடைக்குரல். கூடமே திரும்பியது. "இதுல என் விரல்கூடப் படல. நான் செஞ்சிருந்தா இது இப்படி இருக்காது."

"வேற எப்படி இருக்கும்?"

"இதுங்க மாதிரி இருக்கும்" என்று கையை வீசி எல்லாப் பெஞ்சுகளையும் காட்டினாள்.

மருந்துக்கடைக்காரர் மேலே சுற்றாத மின்விசிறியை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார். டீச்சருக்கு முகம் மாறிவிட்டது.

"எது எது உங்க வேலை? காட்டுங்க."

"காட்ட மாட்டேன் டீச்சர். பெரியவங்க கேட்டாங்க, நான் செஞ்சேன். அதுக்குப் பிள்ளைங்க மானம் ஏன் போகணும்? என் பிழைப்புல நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கறேன், போதாதா? என் பொண்ணுது அவளே செஞ்சது. நம்பிக்கை இல்லன்னா உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. திரும்ப அவளே மாட்டட்டும்."

டீச்சர் மகளைப் பார்த்தார். மகள் அதற்குள் மாதிரியை மேலே தூக்கி வைத்து முதல் குழலைக் கழற்றியிருந்தாள். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கிற ஜாதி இல்லை அவள். எல்லாக் குழலையும் உருவிக் குவித்தாள், தொட்டியை இறக்கினாள், பிறகு ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினாள். ஓர் இடத்தில் இணைப்பு ஒழுகியது. சட்டைப் பையிலிருந்து மெழுகுத் துண்டை எடுத்து விரல் சூட்டில் பிசைந்து அடைத்தாள். டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஊற்றினாள்.

முதல் வீட்டில் வந்தது. இரண்டாவதில் வந்தது. கடைசி வீட்டில் வரவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அக்கா தன் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். மகள் குனிந்து தொட்டியைப் பார்த்தாள். "செங்கல் இல்ல, அதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் புத்தகங்களைக் கொத்தாக எடுத்துத் தொட்டிக்கு அடியில் கொடுத்தாள். கடைசிக் குழாயில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது, ஒழுகத் தொடங்கியது.

டீச்சர் அந்தக் குழாய்க்குக் கீழே விரலை நீட்டி நனைத்துப் பார்த்தார். "மன்னிச்சிரும்மா" என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் நேராகவே சொன்னார். பிறகு கேட்டார்: "உங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே. ஏன் இவ்ளோ கஷ்டப்பட்ட?"

"அம்மா தப்பா செய்வாங்க டீச்சர். அவங்களுக்கு அப்படித்தான் வரும்" என்றாள் மகள், வெகு சாதாரணமாக.

கூடம் கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பேச்சு உள்ளே போய்த் தைத்தது. நேராக ஒன்று வெட்டி எத்தனை வருஷமாயிற்று? யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

அதற்குள் எரிமலைப் பையன் கையைத் தூக்கிவிட்டான். "டீச்சர், என்னால பிரிச்சு மாட்ட முடியாது. நான் செய்யல." அவனைப் பார்த்து இன்னும் சில கைகள் உயர்ந்தன. டீச்சர் எல்லோருக்கும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். குழுவின் முதல் பெயராக மகளுடைய பெயரைப் பலகையில் எழுதினார்.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் மூக்கு சிவக்க வந்து நின்றார். "என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

"யார் பேரையாவது நான் சொன்னேனா? உங்க பையன் தானா எழுந்து நின்னு ஒத்துக்கிட்டான். அந்தத் தைரியம் நான் செஞ்சு குடுத்ததில்ல. போய்ப் பெருமைப்படுங்க. வேணும்னா அவனுக்கு அட்டை வாங்கிட்டுப் போங்க, கத்தரியும் இருக்கு."

அவர் அட்டை வாங்கிக்கொண்டுதான் போனார்.

அவர் போனதும் அக்கா திரையைக் கழற்றி மடித்துவைத்தாள். ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, பெரிதாக, 'அட்டை, பசை, கத்தரி கிடைக்கும். செய்து தரப்படாது' என்று எழுதினாள். அளவுகோல் வைத்துத்தான் ஓரத்தை வெட்டினாள். வந்தது கோணல். இன்னொரு அட்டை எடுத்துத் திரும்ப எழுதி வெட்டினாள், அதுவும் கோணல். கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குடும்மா, நான் வெட்டறேன்" என்று மகள் கையை நீட்டினாள்.

"வேணாம். இப்படியே இருக்கட்டும். இது என் கைவேலைன்னு பாக்குறவங்களுக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.