வரதாச்சாரி சார் பாக்கி வைத்த இரண்டு சுற்று

திங்கட்கிழமை காலை, புத்தூரில் எங்கள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. வரதாச்சாரி சாரின் தம்பி அனுப்பிய செய்தி. "எங்கள் தமையனார் இன்று விடியற்காலை ஆசாரியன் திருவடி அடைந்தார்" என்று வாய்விட்டுப் படித்தேன். நூல் பிடித்துக்கொண்டிருந்த பையன், "கணக்கு சார் எந்த ஊருக்குப் போயிருக்காரு சார்?" என்று கேட்டான். "செத்துட்டாருடா" என்று சொன்னேன். வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மிச்சக் கோட்டையும் போட்டு முடித்தேன். கோணலாகத்தான் வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்கள் இருக்கலாம். நான் டில்லிபாபு, உடற்பயிற்சி ஆசிரியர், ஊர் சத்தியவேடு பக்கம். பதினோரு வருடம் ஸ்டாஃப் ரூமில் அவருக்கு எதிர் நாற்காலி என்னுடையது. அண்ணன் தம்பிகள் கோயில் கைங்கரியத்தில் இருக்க, இவர் மட்டும் தினமும் திருப்பதியிலிருந்து பாசஞ்சர் ரயில் பிடித்து வந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். நெற்றியில் திருமண் இல்லாமல் ஒரு நாளும் அவரைப் பார்த்ததில்லை. ரக்பி பந்தை அவர் கையால் தொட்டதும் இல்லை. "முட்டை மாதிரி இருக்கு ஓய், ஆசாரத்துக்கு ஆகாது" என்பார்.

ஆனால் எங்கள் பள்ளிக்கு ரக்பி வந்ததே அவரால்தான். பையன்களுக்குக் கை கால் போய்விடும் என்று தலைமை ஆசிரியர் பயந்தார். இவர் நடுவில் புகுந்தார். "எலும்பு கட்டிக்க ஊர் உலகமெல்லாம் புத்தூருக்கு வரது. நம்ம பசங்களுக்கு பஸ் சார்ஜ்கூடக் கிடையாது. ஆரம்பிக்கட்டும் சார்!" தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

முதல் வருடம் மாவட்ட அணித் தேர்வுக்கு எட்டுப் பையன்களைச் சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது திருப்பதி தனி மாவட்டமாகப் பிரியவில்லை. என்னுடைய நல்ல பையன்களை விட்டுவிட்டு, பந்தை நேராகப் பிடிக்கத் தெரியாத இரண்டு பேரை எடுத்தார்கள். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் கத்தித் தீர்த்தேன். அவர் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தாமலே கேட்டார்: "எடுத்தவா ஒசரம் என்ன? பொறந்த தேதி என்ன?" எனக்குத் தெரியவில்லை. "அதத் தெரிஞ்சுக்காம எதுக்கு ஓய் கத்தறீர்?"

அடுத்த வாரமே மைதானத்துக்கு வந்துவிட்டார். சுவரில் அடிக்கோல் வரைந்து உயரம் பார்த்தார். மதிய உணவு அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் பையன்களை ஒவ்வொருவராக நிற்க வைத்தார். "இன்னா சார், பசங்கள மூட்ட கணக்கா எட போட்டுக்கினு கீறீங்க?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "செலக்டர் ஒரு பையனப் பாக்கறது ரெண்டே நிமிஷம். ரெண்டு நிமிஷத்துல கண்ணுக்குத் தெரியறது ஒசரமும் ஓட்டமும்தான். ஒரே வயசுப் பிரிவுல ஜனவரில பொறந்தவனும் டிசம்பர்ல பொறந்தவனும் நிக்கறான். பதினோரு மாசம் கூடச் சாப்பிட்டவன் பெருசாத்தானே இருப்பான்? அவனத்தான் எடுப்பா. உம்ம கோச்சிங்க அப்பறம் பாப்பா." எனக்குக் கோபம் வந்தது.

அப்படித்தான் கவர் பழக்கம் ஆரம்பித்தது. பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர், நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. எங்கள் பையன்களில் யார் யார் தேர்வாவார்கள் என்று உள்ளே ஒரு சீட்டில் எழுதி, ஒட்டி, பஸ் ஏறும் காலையில் என் கையில் கொடுப்பார். தேர்வு முடிந்து மைதானத்துக்குத் திரும்பிய பிறகுதான் எல்லோர் முன்னாலும் பிரிக்கவேண்டும். இரண்டு பெயருக்கு மேல் தப்பினால் அவர் மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டும். இது அவரே தனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை. பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, வெறுங்காலோடு, திருமண் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்க அவர் ஓடுவதைப் பார்க்க பையன்கள் தவம் கிடந்தார்கள். இத்தனை வருடத்தில் அவர் ஓடியது இரண்டே தடவை. மற்றபடி கவர் சொன்னதே நடந்தது. எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது.

அந்த எரிச்சல் சண்டையானது முனிரத்தினத்தால். வரதய்யபாளையம் பக்கத்துக் கிராமத்துப் பையன், புத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவன். ஆள் சின்னவன். ஆனால் கை இரண்டும் முழங்காலைத் தொடுவதுபோல் நீளம். இடமோ வலமோ, அவன் போட்டால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரியவனைக் கணுக்காலில் பிடித்துச் சாய்ப்பான். இரண்டு வருடம் கவரில் அவன் பெயர் இல்லை. இரண்டு வருடமும் அவனை எடுக்கவில்லை. இந்த வருடம் பத்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியிலிருந்து பதினேழு வயதுப் பிரிவுக்குப் போக அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விடுதியோடு இடம் தருவதாகத் திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜ் சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கேட்டரிங் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் அவன் மாமா அவனைத் தன்னோடு அழைத்துப் போய்விடுவார். படிப்பு அதோடு சரி.

ஜூலை மாதம் ஒருநாள் சார் தன் நோட்டை என் மேஜையில் போட்டார். "முப்பது பேர்ல பன்னெண்டு பேர் ஜூன் ஒண்ணாந்தேதி பொறந்திருக்கான். ஒரே தேதில இத்தனை பிரசவமா? அந்த டாக்டரம்மா என்ன ஆயிருப்பா ஓய்?" நான் மெல்லச் சொன்னேன்: "சார், என்னுதும் ஜூன் ஒண்ணுதான்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தேதி தெரியாவிட்டால் வாத்தியாரே ஒரு தேதி எழுதிவிடுவார் என்று விளக்கினேன். அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "அஞ்சாறு வருஷமா இல்லாத தேதிய வெச்சுண்டு கணக்குப் போட்டிருக்கேன். நீர் ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்னைக் கேட்டால்தானே சொல்வேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமையே என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து முனிரத்தினம் வீட்டுக்கு வந்தார். அவன் அம்மா களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பிறந்த தேதி கேட்டதும் சிரித்தார். "தேதி இன்னான்னு எனுக்கு எங்க சார் தெரியும்? பெரு மழ பேஞ்சி ஏரி ஒடைஞ்சுது பாரு, அந்த வருசம். கார்த்தி தீபத்துக்கு முன்ன பொறந்தான். தண்ணி முட்டிக்கால் அளவு நிக்கிது, ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறது?" எந்த வருடம் ஏரி உடைந்தது என்று ஊரில் நாலு பேரைக் கேட்டு சார் உறுதி செய்துகொண்டார். ரெஜிஸ்டரைவிட ஒரு வருடம் ஐந்து மாதம் அவன் சின்னவன்.

"பின்ன ஸ்கூல்ல எப்படி மா அவ்ளோ சீக்கிரம் சேத்துண்டா?" என்று கேட்டார். அந்த அம்மா தன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இப்பிடித் தொடச் சொன்னாங்க சார். தொட்டா அஞ்சு வயசாம். எம்புள்ளைக்குத்தான் நீட்டுக் கையாச்சே, டக்குனு தொட்டுட்டான். சரி, ஸ்கூல்ல சேத்தா சோறாவது துன்னுவான்னு வுட்டுட்டேன்."

பந்தை அவ்வளவு அழகாகப் போடும் அந்தக் கைதான் அவனை ஒன்றரை வயது பெரியவனாக்கித் தடிமாடுகளோடு நிறுத்தியிருக்கிறது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. "அப்போ எம்புள்ளைய இந்த வாட்டி எடுத்துக்குவாங்களா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். "தெரியலை மா" என்றார் சார். நான் என்றால் எடுப்பார்கள் என்று சொல்லியிருப்பேன்.

தேதியைத் திருத்தலாமா என்று தலைமை ஆசிரியரைக் கேட்டோம். மண்டல அலுவலகத்துக்கும் இரண்டு தடவை அலைந்தோம். ஆதாரும் அதே தேதி, ஆவணம் எதுவும் இல்லை, ஏரி உடைந்ததற்கு யார் சான்றிதழ் தருவார்கள்? நடக்கவில்லை. அப்போது நான் சொன்னேன்: "இந்த வாட்டியாச்சும் கவர்ல அவன் பேர எழுதுங்க சார். ஆசையா இருப்பான்." அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். "ஆசைப்படறது வேற, கணக்குப் போடறது வேற ஓய். செலக்டர் ரெஜிஸ்டரத்தான் பாப்பான், ஏரியப் பாக்கமாட்டான். அவனுக்காக நான் பொய் எழுதினா மத்தவா பேருக்கு என்ன மரியாதை?" இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டு மாமி கொடுத்தனுப்பிய புளியோதரையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதோடு சரியாகிவிட்டது.

அக்டோபரில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். படுத்தபடியே தலையணைக்கு அடியிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தார். "பஸ் ஏத்தி விட நான் வர முடியாது. இப்பவே பிடியும். பிரிச்சீர்னா தெரியும் எனக்கு." அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி. அவர் காலமான ஐந்தாம் நாள் திருப்பதியில் தேர்வு.

அந்த ஐந்து நாளும் கவர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கெட்டிக் கவர், ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கவர்ல எம்பேரு இருக்குதா சார்?" "எனுக்குத் தெரியாதுடா" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழைதான் எல்லாவற்றையும் மாற்றியது. பாதிப் பள்ளிகள் வரவேயில்லை. வந்தவர்களைத் தேர்வாளர்கள் அவசரமில்லாமல் பார்த்தார்கள். ஈரப் பந்து பெரிய பையன்களின் கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. வேகமாக ஓடியவர்கள் சேற்றில் சறுக்கினார்கள். முனிரத்தினம் கையிலிருந்து ஒரு பந்து விழவில்லை. குறுக்கே வந்த ஒரு மலைபோன்ற பையனை மூன்று தடவை கணுக்காலில் பிடித்துச் சேற்றில் கிடத்தினான். குடைக்குள் நின்ற தேர்வாளர் ஒருவர், "ஈ பில்லாடு பரவாலேதே", பையன் பரவாயில்லையே என்று பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் சொன்னது என் காதில் விழுந்தது. பன்னிரண்டு பெயரைப் படித்தார்கள். பதினோராவது முனிரத்தினம், புத்தூர். நான் விசிலை எடுத்து ஊதிவிட்டேன். வெளியே போகச் சொன்னார்கள்.

மாலை எங்கள் மைதானத்துக்குத் திரும்பியதும் பையன்கள் வட்டமாக நின்றார்கள். மஞ்சள் மூலைக் கவரைப் பிரித்தேன். சீட்டில் நாலு பெயர். அதில் இரண்டு பேர்தான் தேர்வாகியிருந்தார்கள். முனிரத்தினத்தின் பெயர் இல்லை. அவனையும் சேர்த்து மூன்று தப்பு. அவர் கணக்கில் மழைக்குக் கட்டம் இல்லை. சீட்டின் அடியில் பென்சிலில் இன்னொரு வரி இருந்தது: "முனிரத்தினம் அணிக்குள் வரமாட்டான் என்றுதான் கணக்கு சொல்கிறது. வந்துவிட்டால் எனக்குக் கூடுதலாக ஒரு சுற்று. சந்தோஷமாக ஓடுவேன்."

நான் ஷூவைக் கழற்றினேன், பேன்ட்டை முழங்காலுக்கு மடித்தேன். இரண்டு சுற்று. முதல் சுற்று முடிவதற்குள் முனிரத்தினம் பின்னால் ஓடி வந்தான். "நீ ஏன்டா ஓடற? தப்பு அவரோடது" என்றேன். அவன் அழுதுகொண்டே ஓடினான். நானும்தான்.

வீட்டுக்கு வந்து மாமிக்குப் போன் செய்தேன். "மாமி, சார் கணக்கு தப்பிடுச்சு" என்றேன். "எத்தனை சுத்து?" என்று கேட்டார். "ரெண்டு." "ஓடிட்டேளா?" "ஓடிட்டேன் மாமி." "அவர் நோட்டு இங்க இருக்கு, வந்து எடுத்துண்டு போங்கோ" என்றார்.

இப்போது அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. பிறந்த தேதிக்கு அவர் இரண்டு கட்டம் போட்டிருக்கிறார்: ரெஜிஸ்டர் சொல்வது ஒன்று, அம்மா சொல்வது ஒன்று. ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கோடு நான் கிழித்து, மேலே 'மழை' என்று எழுதியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒரு கட்டும் மாமி கொடுத்திருக்கிறார். அடுத்த வருடம் அதில் பெயர் எழுதி ஒட்டப்போவது நான்தான். ஆசைப்படுகிற பெயரை எழுதமாட்டேன். தப்பினால் ஓடவேண்டியதும் நான்தான். முழங்கால் இப்போதே வலிக்கிறது சார்.